178-க்கு என்ன கிடைக்கும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் காலை. எங்கள் பள்ளி வராந்தாவில் ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். நான் இயற்பியல் வாத்தியார். வருஷா வருஷம் அந்த ஒரு வாரம், என்ன படிக்கலாம் என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் எனக்கு வேலை. ரெட்டிச்சாவடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். வீட்டுக்காரர் கொத்தனார். புதுச்சேரியில் அன்றைக்குத் தளம் போடுகிற வேலை, வர முடியவில்லை. நெட் சென்டரில் எடுத்த மார்க் பிரிண்ட்டை நாலாக மடித்து மஞ்சப்பையில் வைத்திருந்தார். கணக்கு 92, இயற்பியல் 84, வேதியியல் 88, கம்ப்யூட்டர் சயின்ஸ் 95.

"சார், கட்-ஆஃப் 178 வருதாம். இதுக்கு என்ன சார் கிடைக்கும்?"

இருபது வருஷமாக என் காதில் விழுகிற கேள்வி இதுதான். எண் மட்டும் மாறும். கடலூர் முதுநகர் மீன் மார்க்கெட்டில் ஐந்நூறு ரூபாயை நீட்டி "இதுக்கு என்ன மீன் வரும்?" என்று யாரும் ஆரம்பிப்பதில்லை. குழம்புக்கா வறுவலுக்கா, வீட்டில் எத்தனை பேர், முள் எடுக்கத் தெரியாத சின்னப் பிள்ளை இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டேதான் கூடையைப் பார்ப்போம். நாலு வருஷப் படிப்புக்கு மட்டும் முதலில் காசை நீட்டிவிடுகிறோம்.

கூடவே ஒரு பயம். "இவ்ளோ மார்க் வச்சிக்கிட்டு அதுலயா சேர்றது?" என்று சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து கிளப்பிவிடுகிற பயம். மார்க் என்பது செலவழிக்க வேண்டிய பணம் மாதிரியும், அதில் பைசா மிச்சம் வைக்காமல் இருப்பதிலேயே விலை அதிகமான சரக்கை வாங்கிவிட வேண்டும் என்பது மாதிரியும் ஒரு கணக்கு. நம் பக்கத்தில் படிப்பைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கிற தவறுகளில் பாதி இந்த ஒரு கணக்கிலிருந்துதான் வருகின்றன என்பது என் அபிப்பிராயம்.

கல்லூரிக்குப் போவதே பெரிய விஷயமாக இருந்த காலம் போய்விட்டது. 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 18 முதல் 23 வயது வரை உள்ளோரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், உயர்கல்வியில் சேர்ந்திருப்போர் நாடு முழுக்க நூற்றுக்கு 28.4. தமிழ்நாட்டில் 47. புதுச்சேரியில் 61.5. (புதுச்சேரிக் கணக்கில் வெளியூரிலிருந்து வந்து படிக்கிற பிள்ளைகளும் அடக்கம். ஊர் சிறியது, கல்லூரிகள் நிறைய.) எங்கேயாவது சேர்ந்துவிடுவது இங்கே கஷ்டமில்லை. எதில் சேர்வது என்பதில்தான் தடுமாறுகிறோம்.

சரி, அந்த 178 எப்படி வந்தது? பொறியியல் கலந்தாய்வுக்குக் கணக்கு மார்க்கை முழுசாக எடுத்துக்கொள்வார்கள், இயற்பியலையும் வேதியியலையும் பாதியாக்குவார்கள். 92, 42, 44. மொத்தம் 200-க்கு 178. 1984-இல் ஆரம்பித்த நுழைவுத் தேர்வு இருந்த காலத்தில் இது 300-க்கு இருந்தது. 2006-இல் சட்டம் போட்டு நுழைவுத் தேர்வை எடுத்த பிறகு 200 ஆயிற்று. அவளுடைய கம்ப்யூட்டர் சயின்ஸ் 95-க்கு இந்த எண்ணில் இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் இல்லை. அதாவது ஒரு பெண்ணுக்கு எதெல்லாம் வரும் என்று சொல்ல வந்த எண் அல்ல இது. வரிசையில் ஆட்களை முன்னே பின்னே நிறுத்துவதற்கு அரசு வைத்திருக்கிற ஒரு வழி, அவ்வளவுதான்.

ஒரு கல்லூரியின் கட்-ஆஃப் என்று பேப்பரில் வருவதும் அப்படித்தான். அந்தப் படிப்பில், அந்த இனப் பிரிவில், போன வருஷம் கடைசியாக இடம் பிடித்தவர் எத்தனை மார்க் வைத்திருந்தார் என்பது அது. எத்தனை பேர் முண்டியடித்தார்கள் என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். பாடம் நன்றாக நடத்துகிறார்களா என்றோ, உங்கள் பிள்ளைக்கு அது ஒத்துவருமா என்றோ தெரிந்துகொள்ள முடியாது. வஞ்சிரம் விலை அதிகம் என்பதால் மத்தி மீனில் சத்து இல்லை என்று ஆகிவிடுமா?

இன்னொன்று, கணக்கு வினாத்தாள் சுலபமாக வந்த வருஷம் 178-க்கு முன்னால் பெரிய கூட்டம் நிற்கும். கடினமாக வந்த வருஷம் அதே 178 மடமடவென்று முன்னால் போய்விடும். அதனால் போன வருஷ மார்க்கோடு இந்த வருஷ மார்க்கை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. தரவரிசைப் பட்டியல் வந்ததும் தரவரிசை எண்ணை, இனவாரியான எண்ணோடு சேர்த்து, போன வருஷத்துத் தரவரிசையோடு பார்க்க வேண்டும்.

விருப்பப் பட்டியல் போடுகிற இடத்திலும் இந்த மார்க் பயம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2018-இலிருந்து கலந்தாய்வு ஆன்லைனில் நடக்கிறது. முன்பு போலச் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. சாய்ஸ் எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம். "கிடைக்காததை மேல போட்டா கிடைக்கிறதும் போயிடும்" என்று நெட் சென்டரில் யாரோ சொல்லிவிடுகிறார்கள், பிள்ளைகளும் பயந்துபோய் ஆசைப்பட்டதைக் கீழே தள்ளிவிடுகிறார்கள். இது தப்பு. கம்ப்யூட்டர் தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கிறது. உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டே வந்து, காலியாக இருக்கிற முதல் இடத்தைக் கொடுக்கிறது. முதல் சாய்ஸ் நிரம்பியிருந்தால் இரண்டாவது, அதுவும் போயிருந்தால் மூன்றாவது. மேலே ஒன்று கிடைக்காமல் போனதற்காகக் கீழே இருப்பதில் ஒரு முடியும் குறையாது. அதனால் உண்மையிலேயே எது அதிகம் பிடிக்குமோ அதை மேலே வைக்க வேண்டும். எது கிடைக்கும் என்ற ஆருடத்தை அதற்குள் கொண்டுவரக் கூடாது. நான் வகுப்பில் பிள்ளைகளைப் பேப்பரில் எழுதச் சொல்லி, இரண்டு நாள் கழித்து அதையே மறுபடி எழுதச் சொல்வேன். இரண்டு தாளிலும் முதல் ஐந்து ஒன்றாக இருந்தால்தான் போர்ட்டலைத் திறப்பது.

அந்தப் பெண் கதைக்கு வருவோம். அவளுக்கு ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் பகுதிக்கே உரிய சிக்கல்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ் ஏறினால், எப்போது தமிழ்நாடு முடிந்து எப்போது புதுச்சேரி ஆரம்பிக்கிறது என்பதை வழியில் இருக்கிற பிராந்திக் கடைகளின் நெரிசலை வைத்துத்தான் சொல்ல முடியும். கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம் புதுச்சேரி. ரெட்டிச்சாவடி கடலூர் மாவட்டம். பெண் கொடுப்பதும் எடுப்பதும், கொத்து வேலைக்குப் போவதும், கண் ஆஸ்பத்திரிக்குப் போவதும் எல்லைக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. படிப்பு மட்டும் பார்க்கும். இந்தப் பக்கம் இருப்பவருக்குத் தமிழ்நாட்டுக் கலந்தாய்வு. அந்தப் பக்கம் இருப்பவருக்கு சென்டாக் என்ற புதுச்சேரிக் கலந்தாய்வு. தமிழ்நாட்டுப் பிள்ளை சென்டாக்கில் விண்ணப்பித்தால் வெளிமாநிலத்தவர் வரிசையில்தான் நிற்க வேண்டும். பாடத்திட்டமும் இப்போது பிரிந்துவிட்டது. முன்பு புதுச்சேரியிலும் காரைக்காலிலும் நம் சமச்சீர்ப் புத்தகத்தைத்தான் படித்தார்கள். 2023-24-இலிருந்து புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.-க்கு மாறிவிட்டன.

இந்தப் பெண் ஆறாவதும் ஏழாவதும் கன்னியக்கோவிலுக்கு அந்தப் பக்கம் பாட்டி வீட்டில் இருந்து படித்தவள். தாத்தா படுத்த படுக்கையாக இருந்த சமயம். பாட்டிக்கு ஒத்தாசைக்காக அனுப்பினார்களாம். எட்டாவதிலிருந்து நம் பக்கம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020-இல் மருத்துவத்துக்கும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். ஆனால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஏறக்குறைய அதே நிபந்தனைதான்.

"ரெண்டுமே கவர்மென்ட் ஸ்கூல்தானே சார்?" என்றார் அம்மா. என்ன சொல்வது? ஆமாம், இரண்டுமே கவர்ன்மென்ட்தான். வேறு வேறு கவர்ன்மென்ட்.

எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிள்ளையை மாற்றி மாற்றிச் சேர்க்கிற பெற்றோர் இதை ஐந்தாம் வகுப்பிலேயே யோசித்துவிட வேண்டும். பதினெட்டு வயதில் தெரிந்துகொண்டு புண்ணியமில்லை. அந்த வீட்டில் யாரும் பட்டம் வாங்கியதில்லை என்பதால் முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகை மட்டும் கையில் இருந்தது. கலந்தாய்வில் இடம் பிடித்தால் அது கல்விக் கட்டணத்தைக் குறைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது. அந்தச் சான்றிதழுக்கு ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் ஏப்ரலிலேயே இ-சேவை மையத்துக்குப் போய்விடுவது நல்லது. மே மாதம் தாலுகா ஆபீஸ் பக்கம் தலை வைக்க முடியாது.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். ரிசல்ட் வந்த பிறகு யோசிக்க ஆரம்பிக்கிற வீட்டுக்குப் பாதிக் கதவுகள் ஏற்கெனவே சாத்தியிருக்கும்.

காலாப்பட்டில் இருக்கிறது பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம். 1985-இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம். எங்கள் பள்ளியிலிருந்து பஸ் மாறிப் போனால் ஒன்றரை மணி நேரம். பிளஸ் டூ முடித்ததும் சேரக்கூடிய ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்புகள் அங்கே உண்டு. அதற்கும், திருவாரூரில் இருக்கிற மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கிற காலம் பெரும்பாலும் மார்ச்சோடு முடிந்துவிடும். அப்போது நம் பிள்ளைகள் பப்ளிக் எக்ஸாமில் முழுகிக் கிடப்பார்கள். பிளஸ் டூ மார்க் எவ்வளவு இருந்தாலும் அங்கே அது தகுதிக்குத்தான். 590 வாங்கிவிட்டு மே மாதம் காலாப்பட்டுக்குப் போய்க் கேட்ட பிள்ளையை எனக்குத் தெரியும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு அதற்கும் முன்னால், டிசம்பரிலேயே முடிந்துவிடுகிறது. ஜிப்மர் எம்.பி.பி.எஸ். தனித் தேர்வு வைத்துக்கொண்டிருந்தது. 2020-இலிருந்து அதுவும் நீட்தான். ஆக, படிப்பைப் பற்றிய பேச்சு பிளஸ் டூ காலாண்டு லீவிலேயே வீட்டில் நடந்திருக்க வேண்டும். நாமோ அரையாண்டு வரைக்கும் "முதல்ல மார்க் எடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறோம். அந்த 'அப்புறம்' வருவதற்குள் கதவு சாத்திவிடுகிறது.

சொல்லப்போனால் முதல் கதவு பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கிற அன்றைக்கே சாத்தப்படுகிறது. இதில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும். சில வருஷத்துக்கு முன் பத்தாவதில் நல்ல மார்க் எடுத்த ஒரு பையன். வீட்டில் மாடு வைத்திருந்தார்கள். கன்று போடுகிற ராத்திரியெல்லாம் அவன்தான் கூட இருப்பான். பயாலஜி குரூப் கேட்டான். "கணக்கு நல்லா வருதேடா, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு, இன்ஜினியரிங் போயிடலாம்" என்று நான்தான் மாற்றிவிட்டேன். பன்னிரண்டு முடித்தபோது கால்நடை மருத்துவம் பற்றி விசாரித்துக்கொண்டு வந்தான். தமிழ்நாட்டில் அதற்கு மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது. பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியல் மார்க்கை வைத்தே சேர்க்கிறார்கள். அவன் மார்க்குக்கு முயன்று பார்த்திருக்கலாம். ஆனால் உயிரியலே படிக்கவில்லையே. எலெக்ட்ரானிக்ஸ் சேர்ந்து, அரியர் அரியராகப் போட்டு, ஐந்தரை வருஷத்தில் முடித்தான். இப்போது வீட்டிலேயே பதினாலு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறான். சந்தோஷமாகத்தான் இருக்கிறான். பார்த்தால் சைக்கிளை நிறுத்தி வணக்கம் சொல்வான். எனக்குத்தான் என்னவோ போல் இருக்கும்.

அதன் பிறகு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒன்றைத்தான் சொல்கிறேன்: என்ன ஆகப்போகிறாய் என்று இப்போதே முடிவு பண்ண வேண்டாம், எதை இனிமேல் தொடவே முடியாமல் போகும் என்று மட்டும் தெரிந்துகொண்டு குரூப் எடு. கணக்கு இல்லாத குரூப்பில் பொறியியல் அநேகமாகப் போய்விடும். உயிரியல் இல்லையென்றால் மருத்துவமும் கால்நடையும் போய்விடும். காமர்ஸ் எடுத்தால் இரண்டு பக்கமும் போய்விடும். ஆனால் கணக்கியலில் இரண்டு வருஷம் முன்னால் நிற்பாய்.

மார்க்குக்காகவே பாடம் எடுப்பது என்பதில் புதுச்சேரிக்காரர்கள் நம்மையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவார்கள். அங்கே மொழிப் பாடமாகப் பிரெஞ்சு எடுக்கிற பிள்ளைகள் நிறைய. மார்க் கொட்டும் என்பதுதான் முக்கியக் காரணம். கடற்கரைச் சாலையில் வெள்ளைக்காரர் வழி கேட்டால் அதே பிள்ளை தமிழில் கையைக் காட்டும். பிரெஞ்சு தெரிந்தவருக்குச் சுற்றுலாவிலும் மொழிபெயர்ப்பிலும் அந்த ஊரிலேயே வேலை இருக்கிறது. ஆனால் அதை மார்க்காக மாற்றிச் செலவழித்தாகிவிட்டது.

சரி, ஒத்துவருமா என்பதை எப்படித்தான் கண்டுபிடிப்பது? நான் செய்கிற ஒரே பரிசோதனை மிகச் சாதாரணமானது. அந்த வேலையில் இருப்பவர் காலை பத்தரை மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பார் என்று கேட்பேன். பட்டமளிப்பு விழாவையும் முதல் சம்பளத்தையும் எல்லோரும் கற்பனை செய்துவிடுகிறார்கள். பத்தரை மணியைத்தான் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

சிவில் என்ஜினீயர் பத்தரை மணிக்கு வெயிலில் நின்று கம்பி எத்தனை எம்.எம்., எத்தனை அடிக்கு ஒன்று என்று எண்ணிக்கொண்டிருப்பார். மேஸ்திரியோடு சண்டையும் நடந்துகொண்டிருக்கும். ஆடிட்டர் ஆபீசில் இருக்கிற பையன் வவுச்சருக்கும் பாங்க் ஸ்டேட்மென்ட்டுக்கும் நடுவே காணாமல் போன 340 ரூபாயைத் தேடிக்கொண்டிருப்பான். சாப்ட்வேர்க்காரர் நேற்று ஓடிய நிரல் இன்றைக்கு ஏன் ஓடவில்லை என்று திரையையே வெறித்துக்கொண்டிருப்பார். நர்ஸுக்குப் பத்தரை மணி என்பது ராத்திரிப் பத்தரையாகவும் இருக்கலாம். கடல் உயிரியல் என்றதும் பிள்ளைகளுக்கு டால்பின் ஞாபகம் வருகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றின் முகத்துவாரத்தில், நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தத் துறையில் இருப்பவர் வலையில் வடித்தெடுத்த மிதவை உயிரிகளை மைக்ராஸ்கோப்பில் வைத்து மணிக்கணக்கில் எண்ணிக்கொண்டிருப்பார். எண்ணுவது பிடிக்கிற பிள்ளைக்கு அது சொர்க்கம். டால்பினுக்காகப் போகிற பிள்ளை இரண்டாம் மாதமே ஊருக்கு வந்துவிடும்.

இதையெல்லாம் நான் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தெருவில் ஒரு நர்ஸ் இருப்பார், மாமாவுக்குத் தெரிந்த ஓர் ஓவர்சியர் இருப்பார். அரை நாள் கூட இருந்து பார்க்கட்டும். கூடவே ஒரு பாடமும் பார்க்கலாம். பல்கலைக்கழக வலைத்தளத்தில் பாடத்திட்டம் கிடைக்கும். முதல் செமஸ்டரைப் பார்க்க வேண்டாம், அது எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மூன்றாவது செமஸ்டரில் ஒரு பாடத்தின் பெயரை எடுத்து, ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்பு ஒன்றை ஒரு மணி நேரம் பார்க்கட்டும். இலவசம்தான். புரியாமல் போனால் பரவாயில்லை. புரியாவிட்டாலும் இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்று தோன்றுகிறதா, இல்லை எப்போது முடியும் என்று தோன்றுகிறதா? பிள்ளைக்கே பதில் தெரிந்துவிடும்.

இதற்குப் பதிலாகச் சில இடங்களில் கைரேகை டெஸ்ட் என்று ஒன்று நடக்கிறது. பத்து விரலையும் ஸ்கேன் பண்ணி, மூளையில் எந்தப் பக்கம் வேலை செய்கிறது, எந்தப் படிப்பு ஒத்துவரும் என்று பளபளப்பான ஒரு புத்தகம் அடித்துத் தருகிறார்கள். ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். விரல் ரேகைக்கும் படிப்புக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை. கிளி ஜோசியமே மேல். அங்கே கிளிக்கு ஒரு நெல்லாவது கிடைக்கிறது.

கம்ப்யூட்டர் அலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ், சைபர் செக்யூரிட்டி என்று பலகையில் பெயர்கள் கூடிக்கொண்டே போகின்றன. பெயரைத் தள்ளிவைத்துவிட்டுப் பாடத்திட்டத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், முதல் இரண்டு வருஷத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. புதுப் பெயர் கொண்ட படிப்புக்குப் பழைய ஆசிரியர்கள்தான் இருக்கிறார்களா, புதிதாக ஆள் எடுத்திருக்கிறார்களா என்று கேட்டால் கல்லூரியின் லட்சணம் தெரிந்துவிடும். மறுபக்கம், நெய்வேலியைச் சுற்றி இருக்கிற ஊர்களில் "எப்படியாவது என்.எல்.சி.ல நுழைஞ்சிடணும்" என்பது தலைமுறை ஆசை. அந்த நிறுவனம் பயிற்சிப் பொறியாளர்களை 'கேட்' என்ற பொறியியல் தேர்வின் மதிப்பெண்ணை வைத்து எடுத்துவருகிறது. கேட்கிற பிரிவுகளில் முன்னால் நிற்பவை மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல், சிவில், மைனிங். ஆசை அங்கே இருக்கிறது, பிள்ளையைச் சேர்ப்பது சைபர் செக்யூரிட்டியில். கேட்டால் "அதுக்குத்தான் சார் கட்-ஆஃப் அதிகம்."

கல்லூரியைப் பார்ப்பதற்குச் சில விஷயங்கள் போதும். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது, அதைப் பாருங்கள். தரத்தைச் சரிபார்த்துத் தருகிற அங்கீகாரம் இரண்டு: 'நாக்' அங்கீகாரம் கல்லூரி முழுமைக்கும், என்.பி.ஏ. அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. விளம்பரத்தில் இரண்டையும் குழைத்துப் போடுவார்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பொறியியல் கலந்தாய்வுக்குள் வராது. தனியார் கல்விக் கண்காட்சிக்குப் போனால் துணிப்பை நிறையக் கிடைக்கும், மற்றபடி அவசரப்பட வேண்டாம். இடம் பிடித்துவைக்க ஒரிஜினல் சான்றிதழைக் கொடு என்று கேட்டால் கொடுக்கக் கூடாது. சரிபார்த்த பிறகு ஒரிஜினலைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே சொல்லியிருக்கிறது.

பட்டப்படிப்பு இல்லாத வழியை நம் வீடுகளில் தண்டனை மாதிரிப் பேசுகிறார்கள். பாலிடெக்னிக்கில் பிளஸ் டூ கணக்கு, அறிவியல் படித்தவர் நேராக இரண்டாம் வருஷம் சேரலாம். அதை முடித்தவர் பி.இ.-யிலும் நேராக இரண்டாம் வருஷம் போகலாம். சுற்று வழிதான். ஆனால் கையில் வேலை கற்றுக்கொண்டு போகிற வழி. லாஸ்பேட்டையில் மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக் பக்கம் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், அங்கிருந்து கிளம்பியவர்கள்தான் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பெண்ணிடம் நான் பத்தரை மணிக் கேள்வியைக் கேட்டேன். பதில் இல்லை. கேள்வியை மாற்றினேன்.

"ஸ்கூல் இல்லாத நாள்ல வீட்ல என்னம்மா பண்ணுவ?"

"ஒண்ணும் இல்ல சார். அம்மாவோட குழு நோட்டு எழுதுவேன்."

அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் ஊக்குநர். சேமிப்பு, உள்கடன், வட்டி, பாங்க் தவணை எல்லாவற்றையும் ஒன்பதாவதிலிருந்து இவள்தான் எழுதுகிறாளாம். ஒரு தடவை பாங்க்காரர்கள் வட்டியைக் கூடப் போட்டுவிட்டதை இவள் கண்டுபிடித்து, மேனேஜரிடம் போய்க் காட்டித் திருத்தி வாங்கியிருக்கிறாள். அதைச் சொல்லும்போது அம்மாவைவிட மகள் முகத்தில்தான் வெளிச்சம். இயற்பியல் எப்படிப் படித்தாய் என்றேன். "மனப்பாடம் சார்" என்றாள், என் முகத்துக்கு நேராக.

அப்புறம் பி.காம்., சி.ஏ. பற்றிப் பேசினோம். சி.ஏ.-வின் முதல் படியான ஃபவுண்டேஷன் தேர்வுக்கு பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்திருந்தாலும் பதிவு செய்யலாம். நாலு தாள். கணக்கியல், வணிகச் சட்டம், பொருளாதாரம் ஆகியவை போக, மூன்றாவது தாள் கணக்கும் புள்ளியியலும் தர்க்கமும். காமர்ஸ் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுகிற இடம் அது. இவளுக்கு அங்கே 92 இருக்கிறது. தேறுகிறவர்கள் குறைவு, வருஷங்கள் ஆகலாம் என்பதையும் சொன்னேன். இடையில் ஆடிட்டரிடம் இருக்க வேண்டிய பயிற்சிக் காலத்தை மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைத்துவிட்டார்கள் என்பதையும் சொன்னேன். பி.காம். கையில் இருந்தால் நடுவில் நின்றாலும் கீழே விழ மாட்டாள். அரசுக் கலைக் கல்லூரிச் சேர்க்கையில் மொழி தவிர்த்த நாலு பாட மார்க் 400-க்கு, இவளுக்கு 359. அந்த எண்ணில் கம்ப்யூட்டர் சயின்ஸ் 95-க்கும் இடம் உண்டு.

அம்மாவுக்கு மனசே இல்லை. கொத்தனார் சாயங்காலம் போன் பண்ணினார். "178 வச்சிக்கிட்டு பி.காமா சார்?" என்றார். பொறியியலுக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள், இரண்டும் இருக்கட்டும், மகள் சொல்கிறபடி செய்யுங்கள் என்றேன். இரண்டிலும் விண்ணப்பித்தார்கள். கலைக் கல்லூரியில் முதலில் கூப்பிட்டார்கள்.

ஜூன் கடைசியில் மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் பக்கத்தில் தாயையும் மகளையும் பார்த்தேன். தேவனாம்பட்டினம் பெரியார் கல்லூரியில் சேர்த்துவிட்டு வருகிறார்களாம். அம்மா டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடிக்கிற வரைக்கும் எதையோ சொல்ல வந்து சொல்லாமல் இருந்தவர், கிளாஸை வைத்துவிட்டுக் கேட்டேவிட்டார்.

"சார், சேர்த்தாச்சு. ஆனா மிச்ச மார்க்க என்ன சார் பண்றது?"

மகள் பையிலிருந்து யாரோ சீனியரிடம் வாங்கிய ஃபவுண்டேஷன் புத்தகத்தை எடுத்து, மூன்றாவது தாளைப் பிரித்து அம்மா முன்னால் நீட்டினாள். "இதுக்கு வேணும்மா."